சின்ன அறையும் பெரிய பெட்டியும்

திருத்தணியிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். வீட்டில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றைச் சங்கீதம் கேட்பதற்கென்றே ஒதுக்கிவிட்டாராம். இனி ஒலிபெருக்கிப் பெட்டிகள் வாங்க வேண்டியதுதான் பாக்கி. "எவ்வளவு பெரியதாக வாங்கலாம்?" என்று கேட்கிறார். எவ்வளவு சிறியதாக வாங்கலாம் என்று கேட்டிருந்தால் நமக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

அவர்மீது குற்றமில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் மலையேறும் ஊர் அது. திருவிழாக் கூட்டத்துக்காகக் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிக்கு ஒரே ஒரு தர்மந்தான் உண்டு: நெடுந்தூரம் எட்ட வேண்டும். அதற்காகக் குரலின் நடுப்பகுதியை மட்டும் பிடித்து வீசுகிறது. மந்தரத்தின் கனமும் மேலோசையின் நயமும் வழியிலேயே தொலைந்து போகின்றன. காணாமற்போன குழந்தையைத் தேடுவதற்கு அது மிகவும் உத்தமமான சாதனம். ஆனால் அதில் பழகிய காது, உரத்த ஓசையே உயர்ந்த ஓசை என்று நம்பிவிடுகிறது.

அறைக்கும் ஒரு சுருதி உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே அது போவதும் வருவதுமாக இருந்து, வினாடிக்குச் சுமார் 56 அதிர்விலும், அதன் இரட்டிப்பான 113 அதிர்விலும் அறையையே முழங்கச் செய்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியானால் மூன்று முழக்கமும் ஒன்றாகக் கூடிவிடும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் வித்வான் மந்தர ஸ்தாயி தைவதத்தைத் தொட்டால் அது சுமார் 110 அதிர்வு. உடனே அறையும் அழைப்பில்லாமல் கூடப் பாட ஆரம்பிக்கும். மிருதங்கத்தின் தொப்பி நாதமோ நின்ற பிறகும் நிற்காது. பெரிய பெட்டி வைத்தால் 56 அதிர்வையும் தட்டி எழுப்பியவர்களாவோம்.

நம் சங்கீதத்துக்கு அவ்வளவு ஆழம் தேவையுமில்லை. ஒரு கட்டைத் தம்பூராவின் மந்தர ஷட்ஜத் தந்தியே சுமார் 65 அதிர்வுதான். ஆகையால் ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூம்புள்ள, 60, 70 அதிர்வு வரையில் இறங்கக்கூடிய பெட்டி போதுமானது. 1970-களில் பி.பி.ஸி. நிறுவனத்தார் வெளியூர் ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக எல்.எஸ். 3/5ஏ என்ற பெட்டியை அமைத்தார்கள். கூம்பு ஐந்து அங்குலம். பெட்டியின் கொள்ளளவு சுமார் ஐந்து லிட்டர். மனிதக் குரலை உள்ளபடி காட்டுவதில் அது பெற்ற பெயர் இன்றும் மங்கவில்லை.

சக்தியைப் பற்றியும் மயங்க வேண்டாம். வாட் கணக்கை இரட்டித்தால் ஒலி மூன்று டெஸிபல்தான் உயரும். சின்ன அறைக்கு இருபது முப்பது வாட் தாராளம்.

பெட்டிகளை மூலையில் வைக்கலாகாது. மூலை மந்தரத்தை ஊதிப் பெருக்கிவிடும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளியில், கனமான தாங்கியின்மேல், சிறிய கூம்பு காதின் உயரத்துக்கு வரும்படி வைக்க வேண்டும். கேட்பவர் சுவரோடு ஒட்டியும், அறையின் நட்ட நடுவிலும் உட்காராமல், முதுகுக்குப் பின்னால் மூன்றரை அடி விடுவது நலம். ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். 'ணங்' என்று எதிரொலித்தால் தரையில் பவானி ஜமுக்காளம் விரித்து, பக்கச் சுவரில் புஸ்தக அலமாரி வைக்கலாம். ஆனால் ஜமுக்காளம் மேலோசையைத்தான் அடக்கும். மந்தர முழக்கம் அதற்குக் கட்டுப்படாது. அதற்குச் சிறிய பெட்டியே மருந்து.

கடைக்குப் போகும்போது மனப்பாடமான இசைத்தட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். முத்துசுவாமி தீக்ஷிதர் தம் முதற் கீர்த்தனமான மாயாமாளவகௌளை 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ'வைத் திருத்தணியில்தான் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. திருத்தணி அன்பருக்கு அதைவிட நல்ல உரைகல் ஏது? மெதுவாக வைத்துக் கேட்கட்டும். ஷட்ஜத்தை ஒட்டியிருக்கும் ரிஷபத்தின் அசைவு தெரிகிறதா? தம்பூரா மறையாமல் பின்னால் நிற்கிறதா? சாஹித்யத்தின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுகிறதா? 1960-ல் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த ஊர் அது; தியாகராஜரின் தெலுங்கும் அருணகிரியாரின் தமிழும் அங்கே சொந்த வீட்டுப் பேச்சு. சொல் சிதைந்தால் அவர்கள் காது பொறுக்காது.

மெதுவாக வைத்தபோது இனிக்காத பெட்டி, உரக்க வைத்தாலும் இனிக்கப் போவதில்லை. உரக்க வைத்தால்தான் பேசும் பெட்டியை வாங்கிய வீட்டில், பரீட்சைக்குப் படிக்கும் பையனும், மத்தியானம் கண்ணயரும் பாட்டியும் முதலில் முணுமுணுப்பார்கள்; ஆறு மாதத்தில் அந்த அறையில் நெல் மூட்டை ஏறிவிடும். சிறிய பெட்டி வாங்கினால் மிச்சப் பணத்துக்கு இசைத்தட்டு வாங்கலாம். அடுத்த வீட்டாரின் சிநேகமும் மிச்சமாகும்.