பொருநைக்குப் போலிச் சான்று தேவையில்லை

சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம் கணித்தது. 2021 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே ஊரின் இரும்புக் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாக 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிக்கை வெளியிட்டது. கைவசம் இவ்வளவு இருக்கும் பொருநை என்கிற தாமிரபரணிக் கரைக்கு இட்டுக்கட்டிய படங்கள் எதற்கு?

எங்கோ எடுத்த படத்தில் நம் ஊர்ப் பெயரை ஒட்டிப் பெருமையோடு பகிர்வது இன்று சாதாரணமாகிவிட்டது. அதன் விளைவு சாதாரணமானதல்ல.

2000ஆம் ஆண்டில் ந.ஸ்ரீ. ராஜாராமும் நட்வர் ஜாவும் சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக ஒரு நூல் வெளியிட்டார்கள். ஹரப்பா நாகரிகத்தில் குதிரை இருந்ததற்குச் சான்றாக அதில் ஒரு முத்திரைப் படம் இருந்தது. எர்னஸ்ட் மக்கே மொகஞ்சதாரோவில் கண்டெடுத்த உடைந்த முத்திரை அது. முன்பாதி இல்லை, எஞ்சியிருந்தது ஒற்றைக்கொம்பன் காளையின் பின்னுடல். கணினியில் மாற்றி மங்கலாக்கிய அந்தப் படத்தில், உடைந்த விளிம்பே குதிரையின் கழுத்தும் தலையுமாகத் தெரிந்தது. பக்கத்தில் அதைக் குதிரையாகவே வரைந்த ஓவியமும் இருந்தது. ஆய்வாளர்கள் மைக்கேல் விட்சலும் ஸ்டீவ் ஃபார்மரும் தெளிவான பழைய புகைப்படங்களைத் தேடி எடுத்து, 2000 அக்டோபரில் ‘ஃபிரண்ட்லைன்’ இதழில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். குதிரை காணாமல் போனது.

மூலப்படம் கிடைத்ததால்தான் அந்தப் பொய் பிடிபட்டது. கடோத்கசன் எலும்புக்கூடு என்று இந்தியா முழுக்கச் சுற்றிய ராட்சத எலும்புக்கூட்டின் கதையும் அதுவே. நியூயார்க் மாநிலத்தில் மாஸ்டடான் எலும்புகளைத் தோண்டிய இடத்தின் படத்தில், 2002இல் ஒரு படத்திருத்தப் போட்டிக்காக மனித எலும்புக்கூட்டை ஒட்டியிருந்தார்கள். நேஷனல் ஜியாகிரபிக் 2007இல் விளக்கம் கொடுத்த பிறகும் அது ஓயவில்லை. எலும்புகளோடு தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூரின் பெயரை நாளை அதே படத்தில் ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

வடக்கே நடந்தால் மோசடி, நம் பக்கம் நடந்தால் ஆர்வக்கோளாறு என்று சொல்வது நேர்மையல்ல. தமிழர் தொன்மையை மறுக்கத் துடிப்பவர்களுக்கு ஒரு போலிப் படம் பெரிய பரிசு. அதைக் காட்டியே சிவகளை நெல்லையும் சந்தேகப்பட வைப்பார்கள்.

அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டினார். நூறாண்டுக்குப் பின், 2004இல், டி. சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியது. அந்த அறிக்கை வெளிவர 15 ஆண்டுகளுக்கு மேலானது. விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. அதிகாரபூர்வமான படமும் விவரமும் பூட்டிக் கிடக்கும் காலத்தில்தான் வதந்திக்கு நல்ல விளைச்சல்.

மத்தியத் துறையும் மாநிலத் துறையும் பொருநைக் கரை அகழாய்வுகளின் ஒவ்வொரு படத்தையும் குழி எண், ஆழம், அளவுகோல், கண்டெடுத்த நாள் ஆகியவற்றோடு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஆய்வகங்கள் தந்த காலக்கணிப்பு அறிக்கைகளையும் முழுமையாக இணைக்க வேண்டும். ரெட்டியார்பட்டியில் எழுந்துள்ள பொருநை அருங்காட்சியகம் இந்தப் பணிக்குப் பொருத்தமான இடம்.

அதுவரை நெல்லைக்காரர்கள் ஒன்று செய்யலாம். கைபேசிக்கு வரும் படத்தில் எந்தக் குழி, எந்த அறிக்கை என்ற விவரம் இல்லையென்றால், அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் வராத படத்தை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.