இரவல் புத்தகத்தால் யாருக்கு நஷ்டம்?

சில வீடுகளில் புத்தக அலமாரியின் கண்ணாடி மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். "தயவு செய்து புத்தகம் இரவல் கேட்காதீர்கள்". ஒட்டியவரைக் குறை சொல்ல முடியாது. பாவம், ஐந்து பாக நாவலில் மூன்றாம் பாகத்தை மட்டும் யாருக்கோ கொடுத்துவிட்டு, பத்து வருஷமாக மீதி நான்கு பாகத்தோடு குடித்தனம் நடத்துகிறவராக இருப்பார்! ஆனாலும் அந்தச் சீட்டு சொல்வது சரிதானா? தமிழ்நாட்டில் நாவல் படிக்கும் பழக்கம் இவ்வளவு பரவியதில் பெரிய பங்கு இரவலுக்குத்தான் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்வாரா?

இதற்குப் 'பொன்னியின் செல்வன்' ஒன்றே போதும். 1950 அக்டோபரில் கல்கி வார இதழில் தொடர்கதையாக ஆரம்பித்தது. மூன்றரை வருஷம் வாரா வாரம் வந்தது. மணியம் படம் வரைந்தார். அந்தக் காலத்தில் வாசகர்கள் புத்தகம் வெளிவரட்டும் என்று காத்திருக்கவில்லை. கதை வந்த பக்கங்களை மட்டும் தனியாகக் கிழித்து, வரிசையாக அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ துணி ஒட்டி, தாங்களே புத்தகம் ஆக்கிக்கொண்டார்கள். பிறகும் கல்கி இதழ் அதே கதையைப் பல முறை தொடராகப் போட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறை கிழித்து, அடுக்கி, பைண்ட் செய்தது.

அப்படி ஒரு பழைய பைண்டிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதைப் பக்கத்தின் பின்னால் சம்பந்தமே இல்லாத ஒரு துணுக்கு பாதியில் நிற்கும். நடுவில் ஒரு சோப்பு விளம்பரம் எட்டிப் பார்க்கும். ஏதோ ஒரு வாரம் காணாமல் போயிருக்கும். அந்த வாரத்துக் கதையை ஏற்கெனவே படித்தவர் வாயால் சொல்ல வேண்டியதுதான்! முதல் பக்கத்தில் ஒரு பெயர், அதை அடித்துவிட்டு இன்னொரு பெயர், அதற்குக் கீழே மருமகளின் பெயர். கடையில் வாங்கும் புதுப் பிரதியில் இதெல்லாம் கிடைக்காது.

நகரத்தில் இருப்பவருக்கு இப்படிப்பட்ட புத்தகத்தின் அருமை அவ்வளவு தெரியாது. மலையூரில் தெரியும். உதாரணத்துக்கு ஆடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலையில் பன்றிமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று வரிசையாக வரும் காப்பித் தோட்டத்து ஊர்களில் ஒன்று. இப்படிப்பட்ட ஊர்க்காரர் ஒரு நாவல் வாங்க வேண்டும் என்றால் மலை இறங்கி ஏற வேண்டும். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்த்தால் புத்தக விலையைத் தாண்டிவிடும்.

சரி, ஒரு சின்னக் கணக்கு. அந்த ஊர்க்காரர் ஒருவர் திண்டுக்கல்லில் பழைய புத்தகமாக ஐந்து பாகங்களையும் 300 ரூபாய்க்கு வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மட்டும் படித்துவிட்டுப் பூட்டி வைத்தால் ஒரு வாசகருக்கு ஆன செலவு 300 ரூபாய். பக்கத்து வீடு, டீக்கடைக்காரர், பள்ளிக்கூடத்து ஆசிரியர், அவருடைய மாணவி என்று 12 பேர் படித்தால் தலைக்கு 25 ரூபாய். 30 பேர் படித்தால் 10 ரூபாய். காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று ஒரு தலைப்பு உண்டு. பெரும்பாலான சொத்துக்களின் மதிப்பு பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைந்துகொண்டே போகும். புத்தகத்தின் அட்டையும் தேயத்தான் செய்யும். ஆனால் அதற்கான செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அலமாரியில் சும்மா இருக்கும் புத்தகமும் தேயாமல் இருப்பதில்லை, கரையான் இருக்கிறதே!

உடனே ஒரு கேள்வி வரும். 30 பேரும் ஒரே பிரதியைப் படித்தால் எழுத்தாளருக்கு என்ன கிடைக்கும்? நியாயமான கேள்வி. முதலில் சட்டத்தைப் பார்க்கலாம். இந்தியாவில் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், புத்தகத்தைப் பிரதி எடுத்து வெளியிடும் உரிமையை எழுத்தாளரிடம் கொடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட ஒரு பிரதி அடுத்து யார் கைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் உரிமையைக் கொடுக்கவில்லை. அதனால் பழைய புத்தகம் விற்பதும் இரவல் கொடுப்பதும் திருட்டு அல்ல. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து விற்பது வேறு விஷயம்.

சட்டம் இருக்கட்டும், மனசாட்சி? பொன்னியின் செல்வன் விஷயத்தில் அந்தக் கவலையும் இல்லை. கல்கி 1954 டிசம்பரில் காலமானார். அவருடைய எழுத்துக்களைத் தமிழக அரசு 1999ல் நாட்டுடைமை ஆக்கியது. உயிரோடு இருக்கும் எழுத்தாளர்கள் விஷயத்தில்தான் யோசிக்க வேண்டும். அங்கே ஓர் இழப்பு இருப்பதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் நூலகத்தில் இருந்து எடுக்கப்படும் புத்தகங்களுக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் கொடுக்க 1979லேயே சட்டம் செய்துவிட்டார்கள். இந்தியாவில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் மலையூரில் இரவல் வாங்கிப் படிக்கும் மாணவி அந்த இரவல் கிடைக்காவிட்டால் கடைக்குப் போய் வாங்கியிருப்பாளா? மாட்டாள். அவள் படிக்காமலே இருந்திருப்பாள். அவள் படித்ததனால் எழுத்தாளருக்கு ஒரு விற்பனை குறையவில்லை. ஒரு வாசகி கூடியிருக்கிறாள். நாளைக்கு வேலைக்குப் போய் சம்பளம் வாங்கியதும் புத்தகக் கடைக்குள் நுழைபவள் அவளாகத்தான் இருப்பாள். இரவலில் படித்துப் பிடித்துப்போன எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவது நல்ல வாசகரின் கடமை.

இன்னொரு கேள்வியும் வரும். பொன்னியின் செல்வன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே, பழைய காகிதக் கட்டை ஏன் சுமந்துகொண்டு திரிய வேண்டும்? உண்மைதான், செல்போனில் ஐந்து பாகமும் அடங்கிவிடும். ஆனால் அங்கே ஆயிரம் புத்தகங்கள் இருக்கும், எதையும் திறக்கத் தோன்றாது. ஒருவர் தன் கையால் எடுத்து நீட்டி, "இதைப் படி, முதல் ஐம்பது பக்கம் பொறுத்துக்கொள், அப்புறம் கீழே வைக்க மாட்டாய்" என்று சொன்னால் விஷயம் வேறு. கொடுத்தவர் அடுத்த வாரம் பார்க்கும்போது, "எதுவரைக்கும் வந்திருக்கிறாய்? வந்தியத்தேவன் இலங்கைக்குப் போய்விட்டானா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்காகவாவது படித்தாக வேண்டும்! இரவல் புத்தகத்தோடு கூடவே பேசுவதற்கு ஓர் ஆளும் கிடைக்கிறார். இலவசக் கோப்போடு அவர் வருவதில்லை.

நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல் ஐந்து விதிகள் வகுத்தார். அதில் முதல் விதி, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். 2001ல் அமெரிக்காவில் 'புக் கிராசிங்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். படித்த புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதிப் பொது இடத்தில் விட்டுவிட்டால், எடுத்தவர் அது எங்கே வந்திருக்கிறது என்று இணையத்தில் பதிந்துவிட்டு அடுத்தவருக்கு விடுவார். உலகமே வியந்தது. முதல் பக்கத்தில் பெயரை அடித்துப் பெயர் எழுதிய தமிழ்நாட்டுப் பாட்டிகள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள்.

இன்றைக்கு நிஜமான ஆபத்து இரவலில் இல்லை, எடைக்கடையில் இருக்கிறது. கல்கி இதழே 2020ல் அச்சில் வருவது நின்றுவிட்டது. இனி கிழித்துச் சேர்க்கப் பக்கம் வராது. தாத்தா, பாட்டி காலமானதும் வீட்டை ஒழிக்கும்போது பரண் மேல் இருக்கும் பைண்டிங் எல்லாம் பழைய பேப்பரோடு கிலோ கணக்கில் போய்விடுகிறது. மூன்று தலைமுறையின் கையெழுத்து தராசில் ஏறுகிறது. பூட்டி வைத்த புத்தகத்துக்குப் பெரும்பாலும் இந்த முடிவுதான். கை மாறிக்கொண்டே இருக்கும் புத்தகத்துக்கு எப்போதும் கேட்க ஓர் ஆள் இருப்பார்.

கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். ஒரு பாகத்தைத் திருப்பித் தந்த பிறகே அடுத்த பாகம். மூலையை மடிக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் வாங்கியவர் பெயரும் தேதியும் எழுத வேண்டும். படித்து முடித்தவர் தானாக இன்னொருவரிடம் கொடுக்காமல் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

அலமாரிக் கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருப்பவர் அதைக் கிழித்துப் போடத் தேவையில்லை. கொஞ்சம் மாற்றி எழுதினால் போதும்: "புத்தகம் இரவல் தரப்படும். பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகவும்."