புயலுக்குப் பட்டா தெரியுமா?

"புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் கவலை, மலையும் பாறையுமாக இருக்கிற நம் சூளகிரிக்கு அதனால் என்ன?" என்று பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. தோழர்களே, 2024 டிசம்பரோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல் அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறியது. ஏறியதும் ஓடிவிடவில்லை. மறுநாளும் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. பிறகுதான் வலுவிழந்து மேற்கே நகர்ந்தது. வலுவிழந்தது காற்று மட்டுமே, மழை அல்ல. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை! ஓர் ஆண்டில் இந்த மாவட்டம் காணுகிற மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில்! பஸ் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனதை நாடே படத்தில் பார்த்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு 7 உயிர்களை விழுங்கிற்று. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு, நம் தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் ஜனங்களின் வீட்டுக்குள் புகுந்தது.

இவ்வளவும் இயற்கையின் வேலை. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது இயற்கையின் வேலையா?

டிசம்பர் 3 அன்று மாநில சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. வெள்ளம் சூழ்ந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய்: விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு. 50 சென்டிமீட்டர் மழையில் மூழ்கிய ஊத்தங்கரை இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெயர் அந்த வரியில் இல்லை! பாசனப் பயிர் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய்; மானாவாரிக்கு 8,500. மாடு செத்தால் இவ்வளவு, ஆடு செத்தால் இவ்வளவு, குடிசை விழுந்தால் இவ்வளவு. எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. மாடில்லாத, ஆடில்லாத, நிலமில்லாத கூலிக்காரன் இழந்த கூலிக்கு மட்டும் கணக்கில்லை.

சூளகிரி வட்டாரத்தில் கொத்தமல்லியும் புதினாவும் தக்காளியும் யார் கையால் சந்தைக்கு வருகின்றன? விடியுமுன் வயலில் இறங்கிக் கட்டுக்கட்டி, வண்டியேற்றுகிற பெண்களின் கையால். மழை நாலு நாள் நின்றால் கொத்தமல்லி வயலிலேயே அழுகுகிறது. நிலத்துக்காரருக்கு நஷ்டம், உண்மை. அந்தப் பெண்ணுக்கு அன்றைய கூலியும் போயிற்று, அழுகிய வயலை உழுது மறுபடி விதைத்துப் பறிப்பு வருகிற வரைக்கும் பறிப்புக் கூலியும் போயிற்று. கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்க்க வருகிறார். பட்டாவைக் கேட்கிறார், அடங்கலைப் புரட்டுகிறார். வாய்ப்பேச்சில் குத்தகைக்குப் பயிரிட்டவனின் பெயரே அதில் இராது. கூலிக்காரியின் பெயர் எங்கே இருக்கப்போகிறது? புயல் பட்டா பார்த்தா அடித்தது?

சிறு விவசாயிக்கு அந்தப் பதினேழாயிரம் கூடாது என்பதல்ல நம் வாதம். விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனுக்கே அது காணாது. அவனையும் கூலிக்காரனையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க நாம் தயாராக இல்லை.

"விதியில் இடமில்லை" என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். இடம் இருக்கிறது, தோழர்களே! பேரிடர் நிவாரண நிதியைச் செலவிட மத்திய சர்க்கார் 2022 முதல் 2026 வரைக்கு வகுத்த விதிகளில், வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவி என்று ஓர் இனம் இருந்தது. குடும்பத்தில் வயது வந்த இருவருக்கு, நூறு நாள் வேலையின் தினக்கூலி விகிதத்தில், 30 நாள் வரைக்கும் கொடுக்கலாம். நிவாரண முகாமில் தங்காதவர்களாக இருக்கவேண்டும். பட்டியலை மாநில சர்க்கார் தயாரிக்கவேண்டும். அவ்வளவுதான். 2024-25இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி 319 ரூபாய். இருவருக்கு 638. முப்பது நாளுக்கு 19,140 ரூபாய்! அந்த மூன்று மாவட்டங்களுக்குக் கிடைத்தது 2,000. நமக்கு அதுவும் இல்லை.

பட்டியல் எடுப்பது கஷ்டமாம்! ஒவ்வொரு ஊராட்சியிலும் நூறு நாள் வேலை அட்டைப் பதிவேட்டில் ஆள் பெயர், குடும்பம், வயது எல்லாம் எழுதியிருந்ததே, அது யாருக்காக? ஓட்டுக்குப் பட்டியல் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்குத்தானா கை வலிக்கிறது?

பணம் இல்லை என்று மாநிலம் சொன்னால், டில்லியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். இடைக்கால உதவியாக 2,000 கோடி கேட்கப்பட்டது. டிசம்பர் 6 அன்று டில்லி விடுவித்தது 944 கோடியே 80 லட்சம். அதுவும் புயல் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஆண்டு தரவேண்டியிருந்த பங்கு! பிறகு சேதக் கணக்கெல்லாம் போட்டு 6,675 கோடி கேட்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அனுமதித்தது 522 கோடியே 34 லட்சம். நம் வரியை வாங்கும்போது இப்படிக் கிள்ளியா வாங்குகிறார்கள்?

ஆலைத் தோழர்களே, இது வயற்காட்டுக் கதை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பாலத்தில் தண்ணீர் ஏறி கம்பெனி பஸ் வராத நாளில் ஓசூர் ஆலைக்கும் சிப்காட்டுக்கும் போகமுடியாதவனின் சம்பளம் என்ன ஆகிறது? ஆலையே ஓடாமல் நின்றால் 'லே-ஆஃப்' என்று பாதிச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு 1953லேயே சட்டத்தில் ஏறியது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இயற்கைப் பேரிடரும் அதில் சேர்ந்ததே. ஆனால் யாருக்கு? ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவனுக்கு. பதிலிக்கும் தினக்கூலிக்கும் இல்லை. வருஷம் நிறையுமுன் பெயரை நீக்கிச் சேர்க்கிற காண்டிராக்டரிடம் மாட்டிக்கொண்டவன் எந்த வருஷத்தைக் காட்டுவான்? வயலில் பட்டா, ஆலையில் மஸ்டர் ரோல். காகிதம்தான் வேறு.

கடலுக்கு அப்பாலும் இதுவே. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையகத்தில் மண் சரிந்தது. இருநூறு ஆண்டுகளாகத் தோட்டங்களில் உழைத்துக்கொடுத்த நம் தமிழ்த் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு, குடியிருக்கிற லயத்தின் அடியில் உள்ள மண் சொந்தமில்லை; தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டையும் மண்ணையும் வைத்து நஷ்ட ஈடு அளந்தால் அவர்கள் பங்கு என்னவாகும்?

புயல் பருவம் ஆண்டுதோறும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளுகிறது. மழை வந்த பின் மனு எழுதினால், மனு காயுமுன் நிதி தீர்ந்துவிடும். ஆகவே இப்போதே செய்யவேண்டியது இது: வேலையில்லாமல் போன ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள், எந்த வயல், எந்த ஆலை, எத்தனை பேர், என்ன கூலி என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதித் தரட்டும். தமிழ் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் கன்னடம் பேசுகிறவரும் ஒரே மகஜரில் கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஊர் ஊராகப் போய் அதைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.