அறிவிப்பு வேறு, ஆணை வேறு



பேராக் மாநிலத்தின் அன்றைய ரப்பர்த் தோட்டங்களில் பெரட்டு மணி நேரத்தை மட்டுமே அறிவிக்கும். யார் எந்த நிரைக்குச் செல்வது என்பதை மண்டோர்தான் சொல்வார். அறிவிப்பு வேறு, ஆணை வேறு. கணினி வடிவமைப்பில் இவ்வேறுபாடு மறக்கப்பட்டதால் நேர்ந்த கேடுகள் பல.

விரலியைச் செருகியதும் 'புதிய கருவி வந்துள்ளது' என்னும் செய்தி இயங்குதளத்தை அடைகிறது. அத்துடன் நின்றிருக்கலாம். விண்டோஸ் 95 உடன் வந்த 'ஆட்டோரன்' வசதியோ, குறுவட்டில் உள்ள நிரலைத் தானே இயக்கியது. அவ்வசதியே பின்னர் விரலி வழி நச்சுநிரல் நுழையும் வாசலாயிற்று. 2008-இல் தோன்றிய 'கான்ஃபிக்கர்' அவ்வாசலையும் பயன்படுத்திக் கொண்டது. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 அதனை அடைத்தது. பழைய பதிப்புகளுக்கு 2011 பிப்ரவரியில்தான் தானியங்கு இற்றைப்பாட்டின் வழி தீர்வு சென்றடைந்தது.

லினக்ஸும் விதிவிலக்கன்று. அங்கு வன்பொருள் செய்தியைக் கெர்னல் அனுப்ப, 'யூடெவ்' என்னும் நிரல் அதனைப் பெற்றுச் செயல்படுகிறது. அனுப்பியது கெர்னல்தானா என்று யூடெவ் சரிபார்க்காத குறை 2009-இல் வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் ஒருவர் பொய்ச்செய்தி அனுப்பியே அக்கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயன்றது. அனுப்பியவரைச் சரிபார்க்கும் திருத்தம் பின்னர் வந்தது.

என் கருத்து இதுதான்: அனுப்பியவரை உறுதிசெய்த பின்னரே செய்தியை ஏற்க வேண்டும். கருவி சுமந்து வந்த நிரலை இயக்குவதா என்பதைப் பயனரே முடிவு செய்ய வேண்டும். வசதி குறையும் என்பர் சிலர். ஒரே விரலி பல கைகள் மாறும் பள்ளிகளில், கூடுதலாக ஒரு முறை சொடுக்குவது சுமையன்று. மாணவர் உழைப்புக்கு அது வேலி.

சிந்திப்போம்.