மண்மேடா நம் சாட்சி?

சாக்கடலின் வடகிழக்கே, ஜோர்தானிலுள்ள தல் அல்-ஹம்மாம் மேடே விவிலியம் கூறும் சோதோம் என்றனர் சிலர். கி.மு. 1650-ஐ ஒட்டி வானில் விண்பொருளொன்று வெடித்து அந்நகர் அழிந்ததென 2021-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்தது. லூத் நபி (அலை) வரலாற்றுக்குச் சான்று கிடைத்ததென நம்மவரிலும் சிலர் பூரித்தனர்.

வெளியிட்ட இதழே 2025-இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. சாக்கடலின் தென்கிழக்கேயுள்ள பாபுத் திராவே சோதோம் என்போரும் உளர். அவ்வூரோ பல நூற்றாண்டுகள் முன்னரே அழிந்துபட்டது. இரு மேடுகளிலும் ஊர்ப்பெயர் பொறித்த எழுத்து எதுவும் கிட்டவில்லை.

அகழ்வாய்வை நாம் வெறுக்கவில்லை. அவசர முடிவையே மறுக்கிறோம். திருமறை அவ்வூரின் பெயரைச் சொல்லவில்லை, படிப்பினையையே சொல்கிறது. ஆய்வேட்டின்மீது ஈமானைக் கட்டுவோர், ஏடு கிழியும் நாளில் எதைப் பற்றி நிற்பர்?