கடல் கடந்து ஒரு துடைப்பம்

"மூணு மாசம் பிரான்ஸுக்குப் போறேன்" என்று சொன்னதும் ஆபீஸில் எனக்கு ராஜ மரியாதை. கேண்டீனில் என் காபிக்கு யாரோ காசு கொடுத்தார்கள். அக்கவுண்ட்ஸ் செக்ஷன் பெரியவர், அதுவரை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், "வரும்போது ஒரு சென்ட் பாட்டில் தம்பி..." என்று குழைந்தார்.

நாலாம் நாள்தான் ஒருவர் விவரமாகக் கேட்டார்.

"அங்கே என்ன வேலை?"

"பாத்திரம் தேய்க்கணும், தரை கூட்டணும், பாத்ரூம் கழுவணும்."

"சம்பளம்?"

"கிடையாது."

அன்றோடு காபி நின்றது.

வீட்டில் இன்னும் மோசம். அப்பா பேப்பரை விட்டுத் தலையை எடுக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷமாகத் தாம்பரத்தில் இருந்தும் பேச்சை மட்டும் அங்கேயே வைத்திருக்கும் பாட்டிதான் வாயைத் திறந்தாள். "ஏல, கக்கூஸு கழுவ பிரான்ஸுக்கா போணும்? நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கே, அத ஒருநாளாவது கழுவியிருக்கியா?"

என்னிடம் பதில் இல்லை. பாட்டிகள் இப்படித்தான், முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் செய்துவிடுவார்கள்.

போன இடத்தின் பெயர் தெய்ஸே. பிரான்ஸில் பர்கண்டி பகுதியில், க்ளூனி என்ற ஊருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் ஒரு சின்னக் கிராமம். 1940-ல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ரோஜர் என்ற இருபத்தைந்து வயது சுவிட்சர்லாந்து இளைஞர் அங்கே ஒரு வீட்டை வாங்கினார். ஹிட்லர் படையிடமிருந்து தப்பி வந்தவர்களை, அதில் யூதர்களும் உண்டு, அங்கே ஒளித்து வைத்தார். யுத்தம் முடிந்ததும் அதே மனிதர், பக்கத்து முகாமில் கைதிகளாக இருந்த ஜெர்மன் சிப்பாய்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். ஊரில் எத்தனை பேர் முறைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1949-ல் ஏழு பேர் துறவிகளாக உறுதி எடுத்துக்கொண்டார்கள். இன்று புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் என்று இரண்டு தரப்பிலிருந்தும், முப்பது நாடுகள் போல, சகோதரர்கள் இருக்கிறார்கள். தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. பானை, தட்டு செய்து விற்றும், புத்தகம் போட்டும் பிழைக்கிறார்கள்.

கோடையில் அங்கே ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். ஞாயிறு வந்து அடுத்த ஞாயிறு போவார்கள். இத்தனை பேருக்கும் சமைப்பது, பரிமாறுவது, கழுவுவது எல்லாம் வந்தவர்களே. எங்களைப் போல மாசக்கணக்கில் தங்கும் தொண்டர்கள் அந்த வேலைகளை நடத்திக் கொடுக்க வேண்டும். எங்கள் தாம்பரம் கோயில் பாடகர் குழுவில் தெய்ஸேயின் குட்டிக் குட்டிப் பாட்டுகளைப் பாடித்தான் எனக்கு அந்த ஊர் பழக்கம். சீட்டுப் பணத்தை எடுத்து டிக்கெட் வாங்கி, சம்பளமில்லா லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

தினசரி வாழ்க்கை மணியில் ஓடுகிறது. காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளை மணி அடித்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பிரார்த்தனைக்குப் போக வேண்டும். பெஞ்சு கிடையாது, எல்லோரும் தரையில். வெள்ளைக்காரர்கள் கால் மடக்கத் தெரியாமல் தவித்ததைப் பார்த்து, இந்த ஒரு விஷயத்தில் நான் ஒலிம்பிக் லெவல் என்று தெரிந்துகொண்டேன்.

முதல் நாள், பாட்டு நடுவில் சட்டென்று எல்லாம் நின்றுபோனது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு, மூன்று... மைக் அவுட் என்று நினைத்து, எலக்ட்ரீஷியனைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஒவ்வொரு பிரார்த்தனைக்கும் நடுவே ஏறக்குறைய பத்து நிமிஷம் மௌனம்; அதுதான் நிகழ்ச்சியே. ஹாரன், அனவுன்ஸ்மென்ட், பக்கத்து வீட்டு டி.வி. என்று வளர்ந்த தாம்பரத்துக் காதுக்கு அந்தப் பத்து நிமிஷம் நீண்டுகொண்டே போயிற்று. மௌனத்தில் கடவுள் பேசுவார் என்றார்கள். எனக்கு முதல் வாரம் முழுக்க ஹவுசிங் லோன்தான் பேசியது.

காலைச் சாப்பாடு: ரொட்டி, வெண்ணெய், ஒரு குச்சி சாக்லேட். டீ வருவது கிண்ணத்தில். கைப்பிடி இல்லாத அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தபோது, டபரா டம்ளரின் அருமை புரிந்தது. ஆளுக்கு ஒரே ஒரு ஸ்பூன். கத்தி, முள்கரண்டி கிடையாது. வெண்ணெய் தடவுவதும் ஸ்பூன்தான், சூப் குடிப்பதும் ஸ்பூன்தான். "எப்படி ஒரே ஸ்பூனில் சாப்பிடுவது?" என்று ஒருத்தர் அங்கலாய்த்தார். அந்த ஒன்றும் இல்லாமல் நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோம் ஐயா என்று சொல்ல நினைத்தேன், இங்கிலீஷ் வரவில்லை.

ஒரு நாள் வயதான சகோதரர் ஒருவர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சென்னைக்குப் பக்கம் என்றேன். பக்கம் என்றால்? "தாம்பரம்." அவர் முகம் மலர்ந்தது. "தாம்பரமா! 1938!"

எனக்குத் தெரிந்த தாம்பரத்தில் பீச் வண்டியும் ஃபாஸ்ட் லோக்கலும்தான் உண்டு, 1938 கிடையாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. அந்த டிசம்பரில் எங்கள் ஊர் மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி வளாகத்தில் உலகக் கிறிஸ்துவர்களின் பெரிய மாநாடு நடந்திருக்கிறது. கல்லூரி தாம்பரத்துக்கு வந்தே அப்போது இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. முதலில் சீனாவில் நடத்துவதாக ஏற்பாடு. ஜப்பான் படையெடுத்ததால் தாம்பரத்துக்கு மாற்றினார்கள். சீனர்களும் வந்தார்கள், ஜப்பானியரும் வந்தார்கள். இரண்டு நாடும் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் ஒரே வளாகத்தில். நான் தினமும் அந்தக் காம்பவுண்டு சுவரை உரசிக்கொண்டுதான் பைக்கில் போயிருக்கிறேன்! தெய்ஸே சகோதரர்களும் 1985 கடைசியில் சென்னைக்கு வந்து இளைஞர்கள் கூட்டம் நடத்தியிருக்கிறார்களாம். நம்ம ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஏழாயிரம் சொச்சம் கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை ஓடி ஒளிந்துகொண்டிருந்த விஷயம்.

முதல் வாரம் எனக்கு விழுந்தது டாய்லெட் டீம். கையில் பிரஷ், பக்கெட், ரப்பர் கையுறை. என் கூட ஒரு ஜெர்மன் பையன், சட்டம் படிக்கிறவன், அவன் அப்பா ஜட்ஜ். அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டே உள்ளே போய்த் தேய்க்க ஆரம்பித்தான். நான் வாசலில் நின்றேன். கால் உள்ளே போகவில்லை. நாற்றம் ஒன்றும் இல்லை, நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தவனுக்கு அது பூந்தோட்டம். ஆனாலும் போகவில்லை. "முதுகு வலி" என்று பொய் சொல்லி, பாத்திரம் துடைக்கும் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

அவனுக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் தட்டு துடைக்க அவனும் வந்தான். பேச்சுவாக்கில் கேட்டான்: "உங்க வீட்டில் டாய்லெட் யார் கழுவுவாங்க?"

"ஒரு அம்மா வருவாங்க. வாரம் ரெண்டு நாள்."

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷம்."

"அவங்க பேரு என்ன?"

தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். தெரியவில்லை. எங்கள் ஃபிளாட்டில் எல்லோரும் 'அந்தம்மா' என்பார்கள். 'அந்தம்மா வந்தாச்சா, அந்தம்மா வரலையா.' அவ்வளவுதான். ஆறு வருஷம், வாரம் இரண்டு நாள்... கணக்குப் போட்டால் அறுநூறு தடவைக்கு மேல். அறுநூறு தடவை எங்கள் வீட்டுக்குள் வந்துபோன ஒரு மனுஷியின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

அவன் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. சும்மா கேட்டான். அதுதான் வலித்தது. என் முதுகில் வலி எதுவும் இல்லை, வேறு எங்கேயோ இருந்தது. அந்த வேலையைச் செய்ய ஒரு ஜாதி இருக்கிறது, அது நானில்லை என்று எனக்குள் எழுதி வைத்திருந்தது. யார் எழுதினார்கள்? சர்ச்சில் 'எல்லோரும் சமம்' என்று பாடிக்கொண்டிருந்த அதே தொண்டைக்குள்தான் அதுவும் இருந்தது.

காந்தி சுயசரிதையில் ஓர் இடம் உண்டு. 1901 கல்கத்தா காங்கிரஸ். கக்கூஸ்கள் நாறிக் கிடந்தன. அங்கிருந்த தொண்டர்களிடம் சொன்னார். அது எங்கள் வேலையில்லை, தோட்டியின் வேலை என்று தொண்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் துடைப்பம் கேட்டு வாங்கிக் கழுவினார். படித்தபோது நான் காந்தி பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெய்ஸேயில்தான் தெரிந்தது, நான் அந்தத் தொண்டர்கள் பக்கம்.

மறுநாள் போய்ப் பெயரைத் திரும்பவும் டாய்லெட் டீமில் எழுதினேன். முதல் நாள் கஷ்டம். இரண்டாம் நாள் முதுகு நிஜமாகவே வலித்தது. அந்த வாரக் கடைசியில் நானும் பாடிக்கொண்டுதான் தேய்த்தேன், அதுவும் நம்ம ஊர் குத்துப்பாட்டு. ஜெர்மன்காரன் தாளம் போட்டான். அவர்கள் கோயிலைக் காட்டி, "இதை 1962-ல் கட்டி முடித்ததில் எங்க நாட்டு இளைஞர்களுக்குப் பங்கு உண்டு. யுத்தத்தில் நாங்க செய்ததுக்குப் பிராயச்சித்தமா" என்றான். பிரெஞ்சு மண்ணில் ஜெர்மன்காரன் கோயில் கட்டிப் பிராயச்சித்தம் செய்திருக்கிறான். நாம் எதற்கெல்லாம், எங்கே போய், என்ன கட்டுவது?

ஊர் திரும்பினேன். ரொம்ப வீறாப்பாக, அந்தம்மா வரும் நாளில் வாசலிலேயே காத்திருந்தேன்.

"உங்க பேரு என்னம்மா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எதுக்கு சார்? எதாவது கம்ப்ளெயின்ட்டா?"

பெயர் கேட்டாலே புகார் என்று நினைக்கும்படி வைத்திருக்கிறோம். விளக்கிச் சொன்னதும் பெயரைச் சொன்னார். இங்கே எழுதவில்லை, எழுதலாமா என்று நான் அவரைக் கேட்கவில்லை. அடுத்து என் தியாகத்தை அறிவித்தேன்: "இனிமே எங்க வீட்டு பாத்ரூமை நானே கழுவிக்கறேன்."

கைதட்டல் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இது: "அப்ப என் சம்பளம்?"

பிரான்ஸில் இந்தக் கேள்வி வரவில்லை. எனக்கு ஞானம் வந்தால் அவருக்கு வருமானம் போகிறது! "காசு வழக்கம்போல தர்றேன்" என்றேன். "சும்மா வாங்க மாட்டேன் சார்" என்றார். பாட்டி குறுக்கே வந்தாள். "ஏம்மா, நீ வியாழக்கிழம மட்டும் வா. ஞாயித்துக்கிழம உனக்கு லீவு, சம்பளத்தோட. அன்னைக்கு இவன் கழுவட்டும்." எங்கள் ஆபீஸில் மேனேஜ்மென்டும் யூனியனும் ஒரு வருஷம் பேசுகிற விஷயத்தைப் பாட்டி அரை நிமிஷத்தில் முடித்தாள்.

அதே ஜோரில் ஃபிளாட் அசோசியேஷன் மீட்டிங்கிலும் எழுந்தேன். சாக்கடை அடைத்தால் அவரைக் கைவிடச் சொல்லாதீர்கள், செப்டிக் டேங்குக்குள் எந்த மனுஷனையும் இறக்காதீர்கள், 1993-லும் 2013-லும் சட்டமே போட்டாயிற்று, இன்னும் ஆள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். கையுறை, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று கேட்டேன். "ஃபாரின் போய் வந்தா இப்படித்தான்" என்றார் ஒருவர். கையுறை சாங்ஷன் ஆனது. டேங்குக்கு மெஷின் லாரிதான் என்று எழுதிக்கொண்டார்கள். லீவு பற்றி மினிட்ஸ் நோட்டில் 'ஆலோசிக்கப்படும்' என்று இருக்கிறது. ஆலோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகுமுன் நான் பிரஷ்ஷை எடுக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் சங்கடம்தான். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பாத்ரூம் ஜன்னலைச் சாத்துகிறாள். பாட்டி திறந்துவிடுகிறாள்.

போன வாரம் முடித்துவிட்டு வெளியே வந்தேன். பாட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். "மூலையில விட்டுட்டியே. மூணு மாசம் அங்க என்னத்தல படிச்ச?"

திரும்பப் போய் மூலையைத் தேய்த்தேன்.