சிலிங்கில் சொட்டுவது மழைத்தண்ணி இல்லை



மண்டபத்துக் குளியலறை சிலிங்கில் தண்ணி சொட்டுதே, கூரையை மாத்த நன்கொடை திரட்டலாமேன்னு பல பேர் கேட்கிறீங்க. இப்போதைக்குக் கூரைக்கு ஒரு வெள்ளிகூட செலவு பண்ண வேண்டாம் என்பதுதான் தொண்டர்களான எங்கள் கருத்து. காரணத்தைச் சொல்றோம்.

மழை இல்லாத நாளிலும் சொட்டுது. கல்யாணம், திருவிழா நாளில் கூடுதலா சொட்டுது. அன்னைக்குத்தான் ஏர்கோன் காலையிலிருந்து ஓடும், குளிக்கிற கூட்டமும் அதிகம். ஐஸ் போட்ட தே ஓ கிளாஸ் வெளியே வேர்க்குதே, அதே கதைதான்.

நம்ம சி ரூசா கடலோர ஊர். 30 டிகிரி சூட்டில் ஈரப்பதம் 80 விழுக்காடு இருந்தால், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்கு இறங்கினாலே தண்ணியாக மாறத் தொடங்கும். குளியலறைக் காற்று அதைவிட ஈரம். எக்ஸாஸ்ட் பேன் அதை இழுத்து, ஏர்கோன் குளிரில் சில்லென்று கிடக்கும் சிலிங்குக்கு மேலே குழாய் வழியா அனுப்புது. குழாய்க்குள்ளே வேர்க்குது. அந்தத் தண்ணி திரும்பி வந்து பேன் வழியா சொட்டுது.

தோட்டத்து லயத்தில் குளிக்கிற இடம் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமா இருந்தது. அப்போ இந்தத் தொல்லையே இல்லை. இப்போ குளியலறையும் ஏர்கோனும் ஒரே சிலிங்குக்குக் கீழே வந்துட்டது.

பெரிய பேன் போட்டா சரியாகும்னு சிலர் சொல்வாங்க. ஆகாது. சுருங்கி விரியும் அலுமினியக் குழாய் நடுவிலே தொங்கி, அந்தப் பள்ளத்தில் தண்ணி தேங்கினா எந்தப் பேனும் திணறும்.

செய்ய வேண்டியது இதுதான். வெளிச்சுவர் பக்கத்தில் இருந்தா, குழாயே வேண்டாம், பேனை நேராச் சுவரில் வைக்கலாம். குழாய் போட்டே ஆகணும்னா பிவிசி குழாய், முடிஞ்ச அளவு குட்டையா, ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சரிவா. மேலே கறுப்பு ரப்பர் பஞ்சு சுற்றி, இணைப்பெல்லாம் டேப் ஒட்டணும். தொழிற்சாலையில் குளிர்தண்ணிக் குழாய்க்கு அப்படித்தான் சுத்துறோம். வெளிமுனையில் மூடித் தட்டு வேணும், இல்லாட்டி பேன் நிற்கும்போது கடல்காற்று உள்ளே திரும்பும். சிலிங்குக்குள்ளேயே காற்றை விட்டுட்டுப் போற வேலை கூடவே கூடாது. குளிச்சு முடிச்ச பிறகும் 20 நிமிஷம் பேன் ஓடணும்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. ஈரத்தரையில் பாட்டிமார் நடக்கிறாங்க. பேன் மோட்டாரில் தண்ணி இறங்கினா கரண்டு ஆபத்து. அதனால வயர் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீசியன்தான் தொடணும். சிலிங்குக்குப் பெயிண்ட் மட்டும் அடிச்சா, பூஞ்சை திரும்ப வரும், உண்டியல் காசும் தண்ணியோடு போகும்.

சந்தேகம் இருந்தா சோதிச்சுப் பாருங்க. மழை கொட்டும் நாளில் ஏர்கோனையும் பேனையும் அடைச்சு வையுங்க. அப்பவும் சொட்டினா கூரையைப் பத்திப் பேசலாம். சொட்டலைன்னா, குழாய்க்குச் சம்மதம் கொடுங்க. ஏணி பிடிக்க நாங்க தயார். கூரைக்குன்னு எடுத்து வச்ச பணம் அன்னதானத்துக்குப் போகட்டும்.